தலைகீழாக்கமும் நீதியும்: புனைகதைப் பாத்திரங்கள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கதையொன்று எழுதப்படத் தொடங்குவதற்கு முன்னரே அதன் பாத்திரங்களுக்குரிய இடங்கள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. யார் முடிவெடுப்பார், யார் பரிமாறுவார், யார் அழுவார், யாரைக் கண்டு வாசகர் சிரிப்பர் என்பவற்றைத் தானே தீர்மானிப்பதாக எழுத்தாளன் எண்ணிக்கொண்டாலும், அவன் வாழும் சமுதாயம் அவற்றை அவனுக்கு முன்னரே தீர்மானித்துவிடுகின்றது. வட்டிக்குக் கொடுப்பவன் ஈவிரக்கமற்றவன். விதவை பொறுமையின் வடிவம். வேலைக்காரன் அரைகுறை அறிவுடையவன். படித்த பெண் அகந்தை மிக்கவள். இத்தகைய பாத்திரங்களை வாசகர் முதல் வரியிலேயே இனங்கண்டுகொள்வர். இனங்கண்டபின் அவர்களைப்பற்றி அறிந்துகொள்வதற்கு எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

இந்நிலைக்கு எதிராக இருபதாம் நூற்றாண்டில் எழுத்தாளர் பலர் கையாண்ட உத்தி பாத்திரங்களைத் தலைகீழாக்குதலாகும். வில்லனாக இருந்தவன் தலைவனாகின்றான், தலைவன் வஞ்சகனாகின்றான், மௌனமாக இருந்தவள் பேசுகின்றாள், ஆண்டவன் அடங்குகின்றான். நீண்டகாலமாக இழைக்கப்பட்ட அநீதிக்கு இது பரிகாரம் என்பது இவ்வுத்தியை ஆதரிப்போரின் வாதமாகும். இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. இடங்களை மாற்றிவிடுவதனால் மட்டும் நீதி நிலைநாட்டப்பட்டுவிடுகின்றதா? அன்றி, அநீதிக்கு உட்படுவோர் மட்டுமே மாறுகின்றனரா? இக்கேள்வி இலக்கிய உத்தி பற்றியதாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் சார்ந்ததாகும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஸ்ரீரியோரைப்' என வழங்குஞ் சொல் அச்சுத்தொழிலுக்குரியது. கோத்து முடித்த எழுத்துக்களை மறுபடி மறுபடி கோக்காது, அவற்றிலிருந்து ஒரே தகடாக வார்த்தெடுத்து, அத்தகட்டைக் கொண்டு ஆயிரக்கணக்கான பிரதிகளை அச்சிடும் முறையை அது குறித்தது. 1922ஆம் ஆண்டில் வெளிவந்த 'பொதுசன அபிப்பிராயம்' பற்றிய தமது நூலில் அமெரிக்கப் பத்திரிகையாளரான வோல்ற்றர் லிப்மன் அச்சொல்லை மனிதர் பிறரைப்பற்றி உள்ளத்திற் கொண்டிருக்கும் ஆயத்தப் படிமங்களுக்குப் பயன்படுத்தினார். தமிழில் இதனை 'அச்சுவார்ப்பு' எனக் கூறலாம். இதனை 'வகைமாதிரி'யுடன் மயங்குதல் கூடாது. 1888ஆம் ஆண்டில் மார்கிரட் ஹார்க்னஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ் யதார்த்தவாதத்துக்கு இன்றியமையாததாகக் குறிப்பிட்டது வகைமாதிரியான பாத்திரங்களையாகும். வகைமாதிரிப் பாத்திரம் ஒரு மனிதனுக்குள்ளே அவனது காலத்தையும் வர்க்கத்தையும் காட்டுவது. அச்சுவார்ப்போ காலத்தையும் வர்க்கத்தையும் காட்டி மனிதனை மறைத்துவிடுவது.

தமிழில் இவ்வார்ப்பு இலக்கணத்திலேயே வேரூன்றியிருத்தல் சிறப்பாக நோக்கத்தக்கது. முப்பது வயது ஆசிரியரைப்பற்றிக் கூறும்போது கதைசொல்லி 'வந்தார்', 'இருந்தார்' என எழுதுகின்றான். அவர் வீட்டு வளவில் வேலி அடைக்கும் எழுபது வயது முதியவரைப்பற்றிக் கூறும்போது 'வந்தான்', 'நின்றான்' என எழுதுகின்றான். இவ்வாறு எழுதும்படி எவரும் அவனைப் பணிக்கவில்லை. அவ்வாறு எழுதுவதை அவன் உணர்வதுமில்லை. பாத்திரங்கள் ஒருவரையொருவர் எவ்வாறு விளிக்கின்றனர் என்பது சமூக உண்மை. அதனைப் பதிவுசெய்தல் யதார்த்தம். ஆனால் கதைசொல்லி தன் கூற்றில் எவருக்கு 'ஆர்' விகுதியும் எவருக்கு 'ஆன்' விகுதியும் வழங்குகின்றான் என்பது அவனது சொந்தத் தீர்ப்பாகும். சாதியையும் வர்க்கத்தையும் கண்டித்து எழுதப்பட்ட கதைகளிற்கூட இவ்விகுதிகள் பழைய ஒழுங்கிலேயே நின்றுவிடுவதுண்டு. கருத்து முன்னேறிச் செல்ல, வினைமுற்று பின்தங்கிவிடுகின்றது.

இவ்வாறு கண்ணுக்குப் புலனாகாதிருக்கும் வார்ப்பைப் புலப்படுத்துவதே தலைகீழாக்கத்தின் முதற்பயன் எனலாம். இதற்குத் தக்க சான்று வங்காளத்து முஸ்லிம் பெண் எழுத்தாளரான ரொக்கேயா ஹுசெய்ன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கதையாகும். 1905ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மகசீன்' இதனைப் பிரசுரித்தது. அக்கதையில் வரும் பெண்ணுலகில் ஆண்கள் வீட்டினுள் அடைக்கப்பட்டிருக்கின்றனர். பெண்களோ வெயிலின் வெப்பத்தைப் பயன்படுத்தியும் மேகங்களிலிருந்து நீரைப் பெற்றும் நாட்டை ஆளுகின்றனர். ஆண்களை உண்மையாகவே பூட்டிவைக்கவேண்டும் என்று கோருவது ஆசிரியையின் நோக்கமாகத் தோன்றவில்லை. ஆண்கள் அடைபட்டிருப்பதைப் படித்து நகைக்கும் வாசகன், பெண்கள் அடைபட்டிருந்தபோது தான் நகைக்காததேன் எனத் தன்னையே வினவவேண்டியவனாகின்றான். இயற்கையெனக் கருதப்பட்டது வெறும் ஏற்பாடே என்பதைக் காட்டிய அளவில் அங்கதம் தன் பணியை முடித்துக்கொள்கின்றது.

ஆயின் அங்கதத்துக்குப் போதுமானது காவியத்துக்கும் நாவலுக்கும் போதுமானதன்று. தலைகீழாக்கப்பட்ட பாத்திரம் நீண்டநேரம் வாசகனுடன் வாழவேண்டியிருக்கும்போது, அப்பாத்திரம் எத்தகைய மனிதர் என்ற வினா எழுகின்றது. இராமாயணத்தின் மறுவாசிப்புக்கள் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாக உள்ளன. இலங்கையே அக்கதையின் எதிர்நிலமாக அமைந்தமையால் ஈழத்து வாசகருக்கு இதில் தனியானதோர் ஈடுபாடும் உண்டு.

மைக்கேல் மதுசூதன தத்தர் 1861ஆம் ஆண்டில் வங்காளியில் வெளியிட்ட 'மேகநாதவத காவியம்' இவற்றுள் முன்னோடியானது. அதில் ஆயுதமின்றி வழிபாட்டில் இருக்கும் மேகநாதனை இலக்குவன் கொல்லுகின்றான்; காவியம் அவனது ஈமச்சடங்குடன் முடிவுறுகின்றது. இராவணன் அங்கே மகனை இழந்த தந்தையாக நிற்கின்றான். அவனது துயருக்கு அவனது செயலே காரணம் என்பதையும் கவிஞர் மறைக்கவில்லை. குற்றமும் துயரும் ஒரே மனிதனிடம் ஒருங்கே குடிகொள்ளுகின்றன.

தமிழில் இதனினும் தீவிரமாகச் சென்றவர் புலவர் குழந்தை. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது 'இராவண காவியம்' இராவணனை அறம் வழுவாத தமிழ் மன்னனாகவும், வடக்கிலிருந்து வந்தோரை வஞ்சகராகவும் சித்திரித்தது. 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு அந்நூலைத் தடைசெய்தது. 1971ஆம் ஆண்டிலேயே தடை நீக்கப்பட்டது. பாத்திரங்களின் இடமாற்றம் வெறுங் கற்பனை விளையாட்டன்று என்பதற்கும், அதிகாரத்தில் இருப்போர் அதன் வலிமையை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கும் இத்தடையே சான்றாகும். அக்காவியத்தின் வரலாற்று முக்கியத்துவம் மறுக்கத்தக்கதன்று. எனினும் அறவியல் நோக்கிற் பார்க்கும்போது, பழைய கதையின் அமைப்பு அவ்வாறே இருக்கப் பெயர்ப்பலகைகள் மட்டும் மாற்றப்பட்டுள்ளமையைக் காணலாம். பிறப்பால் உயர்ந்த இனமொன்றும் பிறப்பால் இழிந்த இனமொன்றும் உண்டு என்ற எடுகோள் அசைக்கப்படவில்லை. எது எந்த இனம் என்பது மட்டுமே மாறிற்று.

இதே கதைக்களத்தில் புதுமைப்பித்தன் சென்ற வழி வேறானது. அவரது 'சாபவிமோசனம்' என்ற சிறுகதையில் எவரும் தலைகீழாக நிறுத்தப்படவில்லை. சாபத்தினின்று மீண்ட அகலிகையும், தான் இட்ட சாபத்தின் குற்றவுணர்வினால் நொந்த கோதமனும், ஒருவர் மனத்தை ஒருவர் புண்படுத்தாது வாழ முயன்று தோற்கின்றனர். கைகேயிகூட அங்கே துயருற்ற பெண்ணாகவே வருகின்றாள். இராமன் கொடியவனாக்கப்படவில்லை. சீதை தன் தீக்குளிப்பைப்பற்றிக் கூறக் கேட்டபோதே அகலிகையின் உலகம் சரிகின்றது. தன்னை மன்னித்தவன் தன் மனைவியை மன்னிப்புக்கே இடமில்லாத சோதனைக்கு உட்படுத்தினான் என்பதை அவளால் ஏற்க இயலவில்லை. அவள் மீண்டும் கல்லாகின்றாள். இராமனை வில்லனாக்கியிருப்பின் அகலிகையின் கேள்வி எளிதாகியிருக்கும். கெட்டவன் கெட்டதைச் செய்தான் என வாசகன் அமைதியடைந்திருப்பான். நல்லவன் ஒருவனால், நல்ல நோக்கத்துடன், ஏற்கப்பட்ட அறத்தின் பெயரால் அது செய்யப்பட்டமையே அக்கதையின் நெருப்பு. அங்கே தலைகீழாக்கப்படுவது அவ்வறமே.

இவ்விடத்தில் கம்பராமாயணத்தின் வாலிவதையை நினைவுகூர்தல் பொருத்தமாகும். மறைந்துநின்று வாலிமீது அம்பெய்த இராமனின் செயல் சரியா பிழையா என்ற வாதம் பன்னெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. பட்டிமன்ற மேடைகள் அதனை இன்னும் கைவிடவில்லை. உரைகாரரும் அறிஞரும் அச்செயலுக்குக் காரணம் தேடினர், சமாதானம் கூறினர், சிலர் கண்டித்தனர். சூர்ப்பணகை செய்த பிழைக்கோ, அவள் உறுப்புக்கள் அரியப்பட்டமைக்கோ அந்த அளவு வாதம் நிகழ்ந்ததில்லை. அவள் அரக்கி, ஆதலால் அவ்வாறு செய்தாள், அவ்வாறு பெற்றாள். இதிலிருந்து முக்கியமானதோர் உண்மை பெறப்படுகின்றது. கதையுலகிற் பிழை செய்யாதிருத்தல் உயர்நிலையின் அடையாளமன்று. ஒருவன் செய்த பிழை ஆராய்வதற்குரியதெனக் கருதப்படுவதே அவனது உயர்நிலையின் அடையாளம். தலைவனின் குற்றம் ஒரு பிரச்சினையாகின்றது. தாழ்த்தப்பட்டவனின் குற்றம் அவனது இயல்பாகிவிடுகின்றது.

இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டால், தலைகீழாக்கம் எங்கே தவறுகின்றது என்பது புலனாகும். ஒடுக்கப்பட்ட பாத்திரத்தைக் குற்றமற்றதாக்கிப் பீடத்தில் ஏற்றும் எழுத்தாளன், அப்பாத்திரத்துக்கு மறுக்கப்பட்டிருந்த உரிமையை இன்னும் வழங்கவில்லை. மாசற்ற தியாகியும் மனிதனல்லன். மாசே உருவான அரக்கனும் மனிதனல்லன். பிழை செய்வதற்கும், அப்பிழையின் பொருட்டு வாசகனின் சிந்தனையைக் கோருவதற்குமுள்ள உரிமையே அப்பாத்திரத்துக்கு வழங்கப்படவேண்டியது.

இதனை நன்குணர்ந்து எழுதியோருள் நைஜீரிய நாவலாசிரியரான சினுவா அச்செபே குறிப்பிடத்தக்கவர். ஐரோப்பியர் எழுதிய நாவல்களில் ஆபிரிக்கர் பின்னணியாகவும் இரைச்சலாகவும் இருந்தமையைக் கண்டித்தவர் அவர். ஜோசப் கொன்ராட்டின் 'இருளின் இதயம்' பற்றி 1975ஆம் ஆண்டில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு பெருவிவாதத்தைத் தோற்றுவித்தது. ஆனால் 1958ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'சிதைவுகள்' நாவலின் நாயகன் ஒக்கொன்குவோ போற்றத்தக்க உத்தமனல்லன். தன்னைத் தந்தையென அழைத்த சிறுவனைக் கோழை எனப் பெயரெடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தினால் வெட்டுகின்றான். அவனது சமூகம் இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிகின்றது. மறுபுறத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமாருள் ஒருவர் பொறுமையுடையவராகவும் மற்றவர் கடும்போக்குடையவராகவும் இருக்கின்றனர். நாவலின் இறுதியில் மாவட்ட ஆணையாளர், ஒக்கொன்குவோவின் வாழ்வை தாம் எழுதவிருக்கும் நூலில் ஒரு பந்தியாகச் சேர்க்கலாம் என எண்ணுகின்றார். ஒரு மனிதனின் முழுவாழ்வையும் அப்போதுதான் படித்துமுடித்த வாசகன், அச்சுவார்ப்பு எவ்வாறு உருவாகின்றது என்பதை அவ்விடத்தில் கண்கூடாகக் காண்கின்றான்.

ஜீன் ரீஸ் 1966ஆம் ஆண்டில் எழுதிய 'அகன்ற சர்காசோக் கடல்' மற்றொரு சான்று. சார்லட் புரொண்டேயின் 'ஜேன் அயர்' நாவலில் மேல்மாடியில் அடைபட்டுக் கிடக்கும் பைத்தியக்காரியை, கரீபியத் தீவொன்றிற் பிறந்து வளர்ந்த பெண்ணாக அவர் மீட்டெடுக்கின்றார். ஆனால் நாவலின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் கூறுபவன் அவளைச் சிறைப்படுத்தப்போகும் கணவனே. தந்தையினால் பணத்துக்காக அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்ட இளைய மகனின் அச்சமும் அவமானமும் வாசகனுக்குத் தெரியவருகின்றன. அவனை அறிந்துகொள்வதால் அவனது கொடுமை சிறிதும் குறைவதில்லை. மாறாக, அது மேலும் நம்பத்தக்கதாகின்றது.

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் வரலாற்றிலும் இப்பிரச்சினை பலமுறை எழுந்துள்ளது. 1960களின் தொடக்கத்தில் நடைபெற்ற மரபுபற்றிய விவாதத்தில், உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளில் வழங்கியமையை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலர் பழித்தனர். அம்மொழி அதுவரை சிரிப்பூட்டுவதற்கே பெரிதும் பயன்பட்டது. அதே மொழியில் ஒருவன் துயரையும் சினத்தையும் சிந்தனையையும் வெளியிடலாம் என முற்போக்கு எழுத்தாளர் காட்டியபோது, மாறியது இலக்கிய நடை மட்டுமன்று. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, யாழ்ப்பாணத்துக் கதைகளில் முற்றத்தின் ஓரத்தில் நின்றவர்கள் கதையின் நடுவே வந்தனர். ஆலயப்பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்குமாக 1960களின் பிற்பகுதியில் நிகழ்ந்த போராட்டங்களின் பின்னணியில் இவ்விடமாற்றம் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. மலையகத் தொழிலாளரைப்பற்றி வெளியார் எழுதிய கதைகளில் இதற்கு மாறானதோர் ஆபத்து நேர்ந்ததுண்டு. இகழ்ச்சிக்குரியவராக இருந்தோர் இரக்கத்துக்குரியவராக மாற்றப்பட்டனர். ஆனால் நகைச்சுவையுடையவராக, தந்திரமுடையவராக, தம்முள் முரண்படுபவராக அவர்கள் வருவது அரிதாயிற்று. இரக்கமும் ஓர் அச்சாகலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். நூற்றாண்டுகளாக ஒருபக்கக் கதையையே கேட்டு வந்த சமுதாயத்தில், ஒடுக்கப்பட்டோர் தம் கதையைக் கூறத் தொடங்கியவுடனேயே நடுநிலையையும் நுண்மையையும் அவர்களிடம் கோருவது, வசதியாக அமர்ந்திருப்போரின் வாதமன்றோ? இம்மறுப்பில் உண்மை உண்டு. உரத்த குரல் இன்றி எந்தக் கதவும் திறக்கப்பட்டதில்லை. முதல் தலைகீழாக்கம் கரடுமுரடாக இருப்பது இயல்பே. அதனைக் காரணமாகக் கொண்டு அதனை நிராகரித்தல் நேர்மையாகாது. ஆனால் இங்கு கோரப்படுவது ஒடுக்கியோர்மீதான பணிவோ மென்மையோ அன்று. ஒடுக்கப்பட்டோர்க்கு முழுமையான மனிதத்தன்மை கிடைத்தல் வேண்டும் என்பதே இக்கோரிக்கை. குற்றமற்றவனாக இருக்கும் நிபந்தனையின்பேரில் மட்டுமே ஒருவனுக்கு நீதி கிடைக்கும் எனக் கதைகள் கற்பிப்பின், அவன் ஒரு குற்றம் செய்த அன்றே நீதிக்கான அவனது உரிமையும் பறிபோய்விடும். உத்தமரல்லாத மனிதருக்கும் உரியதாக இருப்பதே நீதி.

இவ்வினா இந்நாட்டில் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1983ஆம் ஆண்டு யூலை மாத வன்செயல்களைப்பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளில், அயல்வீட்டுத் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காக்கும் சிங்களவர் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். அவ்வாறு காத்தோர் உண்மையிற் பலர். அவர்களைப் பதிவுசெய்தல் நன்றியும் நேர்மையுமாகும். காடையர் என்ற அச்சை உடைப்பதற்கு அப்பாத்திரம் உதவிற்று. காலப்போக்கில் அதுவும் ஓர் அச்சாயிற்று. கதவைத் திறப்பதற்காக மட்டுமே அவர் கதையில் தோன்றுகின்றார். திறந்தபின் அவருக்கு வேலையில்லை. கதவைத் திறக்கலாமா என அவர் அஞ்சி நின்ற கணம், மனைவியுடன் அவர் பட்ட வாதம், மறுநாள் வீதியில் அவர் மௌனமாக நடந்தமை என்பன எழுதப்படுவது அரிது. அவை எழுதப்படும்போதே அவர் நற்சாட்சிப் பத்திரம் என்ற நிலையினின்று மீண்டு மனிதராகின்றார்.

இதனினும் கடினமானது தன்னினத்தைப்பற்றிய தலைகீழாக்கமாகும். இழப்பையே தொடர்ந்து கண்ட ஒரு மக்கட்கூட்டம், தன் கதைகளில் தன்னை இழப்புக்கு உள்ளானவராகவே காண்பது இயற்கை. அவ்விழப்புக்கள் மெய்யானவை. எனினும் 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வடபகுதியிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டமை அக்கதையமைப்பினுள் எங்கே இடம்பெறும்? பாதிக்கப்பட்டவன் என்ற ஒரே பாத்திரம் மட்டும் ஒரு சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பின், அச்சமூகத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமையைக் கூறுவதற்கு அதன் இலக்கியத்தில் வினைமுற்றே இல்லாது போய்விடும். 'அனுபவித்தோம்' என்று எழுதத் தெரிந்த மொழிக்குச் 'செய்தோம்' என்றும் எழுதத் தெரிதல் வேண்டும். ஈழத்துக் கதைகளில் நீண்டகாலமாக வணிகராக மட்டுமே வந்துபோன முஸ்லிம், வீட்டுச் சாவியைக் கையிற் பிடித்தபடி அகதியாகச் சென்றவராகவும், அயலவரின் மௌனத்தைக் கண்டவராகவும் எழுதப்படும்போது, மாறவேண்டியவை இருவருடைய பாத்திரங்களுமாகும். அவர் வணிகர் என்ற அச்சிலிருந்தும், வாசலில் நின்று பார்த்த தமிழ் அயலவர் பாதிக்கப்பட்டவர் என்ற அச்சிலிருந்தும் ஒருங்கே வெளியேறுகின்றனர்.

இதுகாறும் கூறியவற்றாற் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தலைகீழாக்கம் அவசியமானது, அதுவின்றி வார்ப்பு வார்ப்பெனவே அறியப்படாது. ஆனால் அது தொடக்கமே. அதன் நீதியை அளப்பதற்கு இரு வினாக்களை எழுப்பலாம். மேலே கொண்டுவரப்பட்ட பாத்திரத்துக்குப் பிழை செய்யும் உரிமையும் அப்பிழைக்குப் பொறுப்பேற்கும் ஆற்றலும் வழங்கப்பட்டுள்ளனவா? கீழே இறக்கப்பட்ட பாத்திரம் அவ்வாறு இறக்கப்பட்டபின்னும் மனிதராக எஞ்சியுள்ளாரா? இவ்விரண்டுக்கும் ஆம் என விடைகூறத்தக்க கதையில், யார் தலைவர் யார் வில்லன் என்ற வினா தானாகவே முக்கியத்துவம் இழந்துவிடுகின்றது.

அச்சுத்தகட்டைத் தலைகீழாக வைத்து அச்சிட்டாலும் அதே எழுத்துக்களே தலைகீழாகப் பதியும். புதிய சொல்லொன்று வேண்டுமாயின் தகட்டை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத்துக்களை ஒவ்வொன்றாக மீண்டும் கோக்கவேண்டும். அது காலமெடுக்கும் வேலை. கண்ணுக்கும் கைக்கும் உழைப்புத் தருவது. மொழிகளாலும் சமயங்களாலும் சாதிகளாலும் பிரிந்து, ஒருவரையொருவர் அச்சுவார்ப்புக்களின் ஊடாகவே நீண்டகாலம் நோக்கிவந்த மக்கள் வாழும் இந்நாட்டில், புனைகதை எழுதுவோர் மேற்கொள்ளவேண்டிய உழைப்பு இதுவேயாகும்.